ஜீப் வகை வண்டி வாங்கும் முன்: ஊருக்கும் காட்டுப்பாதைக்கும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது எப்படி?

தார், ஜிம்னி, குர்கா என்று மூன்று பெயர்களில் ஒன்றைச் சொல்லி, "இதை வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்த வண்டி எங்கே நிற்கும்?

பெரும்பாலும் அவர்கள் அதைப்பற்றி யோசித்திருப்பதில்லை. பாறைமேல் ஏறும் காணொளியைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பார்கள். ஆசையில் தவறில்லை, எனக்கும் அதே ஆசைதான். ஆனால் வாரக் கடைசியில் மண் பாதைக்குப் போகிறவருக்குக்கூட, ஆண்டில் முந்நூறு நாள் அந்த வண்டி அலுவலகத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும்தான் ஓடும். ஆகவே ஒரே வண்டியை இரண்டு தேர்வுகளில் உட்கார வைக்க வேண்டும். வீட்டுத் தேர்வு முதலில், காட்டுத் தேர்வு அடுத்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மண்ணில் ஒருமுறை ஓட்டிவிட்டால் மனம் மயங்கிவிடும், பிறகு வண்டியின் குறை எதுவும் கண்ணில் படாது.

படி 1: இரண்டாவது லீவரைத் தேடுங்கள்

ஷோரூமில் கதவைத் திறந்ததும் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவரோ, புதிய குர்காவில் இருப்பது போன்ற திருகும் குமிழோ இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 2 எச் (பின்சக்கர இயக்கம் மட்டும்), 4 எச் (நான்கு சக்கர இயக்கம்), 4 எல் (நான்கு சக்கர இயக்கம், தாழ்கியரில்) என்று பொறித்திருக்கும். இரண்டில் எதுவும் இல்லையென்றால், வெளியே எவ்வளவு முரட்டுத் தோற்றம் இருந்தாலும் அந்த வண்டி பின்சக்கரங்களால் மட்டுமே ஓடக்கூடியது.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், 2020 அக்டோபரில் வந்த இரண்டாம் தலைமுறை மகிந்திரா தாருக்கு, 2023 ஜனவரியில் பின்சக்கர இயக்கம் மட்டுமே உள்ள வகையும் சேர்ந்தது. அதில் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினும் கிடைக்கிறது, விலை குறைவு. தெருவில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸிலும் டீசலில்தான் நான்கு சக்கர இயக்கம் வந்தது, பெட்ரோலில் இல்லை. மாருதி ஜிம்னியில் எல்லா வகையிலும் நான்கு சக்கர இயக்கம் உண்டு.

மண் பாதையே வேண்டாம், உயரமாக உட்கார்ந்து ஓட்டினால் போதும் என்பவருக்குப் பின்சக்கர வண்டியே சரி. தெரிந்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

படி 2: வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்

ஓட்டிப் பார்க்க வண்டி தருகிறவர்கள் நல்ல அகலச் சாலையில் மூன்று கிலோமீட்டர் சுற்றிவிட்டுத் திரும்பச் சொல்வார்கள். பணிவாகப் பேசி, உங்கள் தெருவுக்கே கொண்டு போக வேண்டும் என்று கேளுங்கள். வண்டி நிற்கப்போகும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். அதன்மேல் ஸ்டெப்னி தொங்குகிறது. பின்னால் சுவரோ இன்னொரு வண்டியோ ஒட்டி இருந்தால் அந்தக் கதவு பாதிதான் திறக்கும்.

அடுத்து, வீட்டில் மூத்தவர்களை ஏற்றி இறக்குங்கள். மூன்று கதவுத் தாரில் பின்இருக்கைக்குப் போக, முன்இருக்கையை மடக்கி, இடைவெளி வழியாக நுழைய வேண்டும். என் அம்மா சேலையோடு ஒருமுறை அப்படி ஏறினார். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் பஸ்ஸிலேயே வந்துடறேன்" என்றார். ஒரு வாகனத்தைப் பற்றி நான் கேட்ட மிகத் துல்லியமான மதிப்புரை அதுதான். வயதானவர்கள் வாரம் இருமுறையாவது பின்னால் உட்கார்வார்கள் என்றால், மூன்று கதவு வண்டியை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்பது என் தீர்மானமான கருத்து.

ஜிம்னிக்கு ஐந்து கதவு உண்டு. ஆனால் பின்இருக்கை நிமிர்ந்திருக்கும்போது சாமான் இடம் 208 லிட்டர்தான். ஒரு பெரிய பெட்டியும் ஒரு பையும் வைத்தால் முடிந்தது. உங்கள் வீட்டுப் பெட்டியையே எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள்.

படி 3: அன்றாடச் சாலை

இந்த வண்டிகளின் உடல், ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டத்தின்மேல் பொருத்தப்பட்டது. அந்தச் சட்டம்தான் குழியிலும் பாறையிலும் அடி தாங்குகிறது. நகரத்தில் அதற்கு நாம் விலை கொடுக்கிறோம். வேகத்தடையில் ஒரு குதி, வளைவில் ஒரு சாய்வு, சிறு பள்ளங்களில் ஓயாத ஆட்டம். தனியாக ஓட்டும்போது ஆட்டம் கூடுதலாகத் தெரியும், நான்கு பேர் ஏறினால் அடங்கும். எனவே இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள்.

ஜிம்னியில் முன்னும் பின்னும் இறுகிய ஒற்றை அச்சு. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கச் சக்கரத்துக்கும் செய்தி போகும், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். தாரில் முன்சக்கரங்கள் தனித்தனியாக அசைபவை. நெடுஞ்சாலையில் அது சற்று நிதானமாகப் போகும். மணிக்கு 80 கிலோமீட்டரில் நேராகப் போகும்போது பிடியைச் சற்றே தளர்த்திப் பாருங்கள், கைகளை எடுத்துவிடாமல். வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது, எதிரே பெரிய லாரி கடக்கும்போது காற்று எவ்வளவு தள்ளுகிறது என்பதைக் கவனியுங்கள்.

மலைச் சாலை பக்கத்தில் இருந்தால் மிக நல்லது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கினால், எந்த விளம்பரமும் சொல்லாததை வண்டி சொல்லிவிடும். வளைவுக்குள் நுழையும்போது உடல் எவ்வளவு சாய்கிறது, இறக்கத்தில் இரண்டாவது கியர் பிடித்து நிறுத்துகிறதா, தொடர்ந்து பிரேக் பிடித்தபின் பெடல் ஆழமாகிறதா என்று பாருங்கள். பின்னால் உட்கார்ந்த ஒருவருக்குக் குமட்டல் வருகிறதா என்பதும் தேர்வில் ஒரு பகுதிதான்.

டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கு இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடும். பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளின் புகைபோக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. வண்டி சூடாகி, தொடர்ந்து ஓரளவு வேகத்தில் ஓடும்போதுதான் அது சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்துகிறவருக்கு வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரியும். அப்படிப்பட்டவர் பெட்ரோலை எடுக்கட்டும். வாரம் ஒருமுறையாவது சென்னையிலிருந்து திருச்சி போகிறவர் டீசலை எடுக்கலாம்.

படி 4: டேப் எடுத்து அளந்து பாருங்கள்

விளம்பரத்தில் குதிரைத்திறன் பெரிதாக இருக்கும். மண்ணில் அதைவிட முக்கியம் மூன்று கோணங்கள்.

முன் பம்பர் இடிக்காமல் எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறலாம் என்பது முதல் கோணம். இறங்கும்போது பின்பகுதி தரையில் தேயாமல் இருப்பது இரண்டாவது. மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வயிறு தட்டாமல் இருப்பது மூன்றாவது. புதியவர்கள் முதல் கோணத்தை மட்டும் பார்க்கிறார்கள். சிக்கி நிற்பதோ பெரும்பாலும் மூன்றாவதில்தான், ஏனென்றால் வயிறு தட்டியபின் சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழலும்.

மூன்று கதவுத் தாரின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2,450 மி.மீ., தார் ராக்ஸில் 2,850 மி.மீ. அந்த நாற்பது சென்டிமீட்டர்தான் பின்இருக்கையில் கால் நீட்ட இடம் தருகிறது. அதே நாற்பது சென்டிமீட்டர்தான் வயிற்றுக் கோணத்தை ஏறத்தாழ 27 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்குக் குறைக்கிறது. வீட்டுக்கு நல்லது காட்டுக்குக் கெட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஜிம்னியின் வயிற்றுக் கோணமும் 24 டிகிரிதான். ஆனால் அதன் பின்பகுதி மிகக் குட்டை என்பதால் செங்குத்தாக இறங்கும்போது உரசுவது அரிது.

தரையிலிருந்து உயரம் தாரில் 226 மி.மீ., ஜிம்னியில் 210 மி.மீ. என்று எழுதியிருக்கும். குனிந்து, அடியில் டார்ச் அடித்து, எந்தப் பாகம் மிகத் தாழ்வாகத் தொங்குகிறது என்று பாருங்கள். நடுவிலா, ஓரத்திலா? அதைத் தெரிந்துகொண்டவர் பாதையில் கல்லைப் பார்த்ததும் சக்கரத்தை எங்கே வைப்பது என்று தானாக முடிவெடுப்பார்.

படி 5: மண்ணில் இறக்குங்கள்

ஷோரூம் வண்டியில் இதைச் செய்ய விடமாட்டார்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரையோ உறவினரையோ கேளுங்கள். மகிந்திரா நிறுவனம் மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் நடத்தும் ஆஃப் ரோடு பயிற்சிக் கூடம் போன்ற இடங்களும் உண்டு. இடம் சொந்தக்காரரின் அனுமதி பெற்ற தோட்டமாகவோ தரிசாகவோ இருக்கட்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். ஆமைகள் முட்டையிடும் கடற்கரை மணலில் வண்டி ஏற்றுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். இரண்டு வண்டிகளாகப் போங்கள், தனியாகப் போகவே வேண்டாம்.

முதல் சோதனை இறக்கம். வண்டியை முழுதாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, 4 எல்லுக்கு மாற்றுங்கள். முதல் கியரில் சரிவில் இறக்கி, கிளட்சையும் பிரேக்கையும் விட்டுவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து, ஆள் நடக்கும் வேகத்தில் இறக்க வேண்டும். தாரில் இந்தத் தாழ்கியர் சக்கரத்தின் வேகத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைத்து, இழுவிசையை அதே அளவு கூட்டுகிறது. கால் பெடலைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது முதல் முறை பயமாகத்தான் இருக்கும். இரண்டாம் முறை அந்த லீவருக்குக் கொடுத்த காசு புரியும்.

இரண்டாவது சோதனை மூலைவிட்டப் பள்ளம். ஒரு பக்க முன்சக்கரமும் மறுபக்கப் பின்சக்கரமும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் இறங்கும்படி மெதுவாக ஓட்டுங்கள். ஒரு கட்டத்தில் ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் எளிதில் சுழல்கிறதோ அதற்கே சுழற்சியைக் கொடுத்துவிடும். பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்கும், வண்டி நகராது. ஜிம்னி இங்கே சுழலும் சக்கரத்துக்கு மட்டும் தானாக பிரேக் போட்டு, விசையை மறுபக்கம் அனுப்புகிறது. தாரின் சில வகைகளில் பின்அச்சு தானாகவே பூட்டிக்கொள்ளும், அதாவது அதன் இரு சக்கரமும் சேர்ந்தே சுழலும், மற்றவற்றில் பிரேக் முறை. ஃபோர்ஸ் குர்காவில் முன், பின் இரண்டு அச்சுகளையும் ஓட்டுநரே பூட்டலாம். எந்த முறை இருந்தாலும், சக்கரம் சுழல ஆரம்பித்ததும் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடாமல் ஒரே அழுத்தத்தில் வைத்து, எத்தனை நொடியில் வண்டி நகர்கிறது என்று கவனியுங்கள்.

மூன்றாவது, உங்கள் ஊர் மண். செம்மண் சரளை எந்த வண்டிக்கும் எளிது. கரிசல் வேறு. கோவில்பட்டிப் பக்கம் நண்பரின் காட்டில், முதல் மழைக்கு மறுநாள், நான்கு சக்கர இயக்கம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இறங்கினேன். இருபது மீட்டர்கூடப் போகவில்லை. டயரின் பள்ளங்களில் மண் அப்பி, நான்கு சக்கரமும் வழவழ உருளைகளாகிவிட்டன. டிராக்டர்தான் இழுத்தது. சாலைக்கான டயர் போட்ட விலையுயர்ந்த வண்டியைவிட, ஆல் டெரெய்ன் டயர் போட்ட பழைய வண்டி மேல் என்று அன்று கற்றேன். ஆனால் ஈரக் கரிசலில் அந்த டயரும் ஓரளவுக்குத்தான்.

மணல் வேறு மாதிரி. சாலைக்கென்று வைத்திருக்கும் காற்றழுத்தத்தை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் பரந்து, மணலின்மேல் மிதக்கும். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல் போன்ற இடத்தில் எடை முக்கியம். சுமார் 1,200 கிலோ எடையுள்ள ஜிம்னி, அதைவிடப் பல நூறு கிலோ கனமான தார் புதையும் இடத்தில் நழுவிப் போய்விடும். காற்றைக் குறைத்தபின் வேகமாகத் திருப்பாதீர்கள், டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. காய்ந்த தார்ச் சாலையில் 4 எச் வேண்டாம். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் சுற்ற வேண்டும். இந்த வண்டிகளில் முன்னும் பின்னும் இறுகக் கட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசம் போக இடமின்றி, கியர்களில் முறுக்காகச் சேரும். மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு கழிந்துவிடும், சாலையில் கழியாது.

படி 6: தண்ணீர்

தார் 650 மி.மீ. ஆழம் வரை போகும் என்கிறார்கள். பெரியவர் ஒருவருக்குத் தொடையின் நடுப்பகுதி வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் இருந்தவர்களுக்கு இது காட்டுப் பாதைக் கணக்கே அல்ல, அன்றாடக் கணக்கு. ஆனால் அந்த எண் தேங்கிய நீருக்கானது. ஓடும் நீர் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஓடையில் இறங்குமுன் கம்பால் ஆழம் பாருங்கள். எஞ்சின் நீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே புகுந்த நீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் செலவைச் சாதாரண காப்பீடு பெரும்பாலும் ஏற்காது, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருக்கிறதா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். அதே உட்காரலில், வண்டியை உயர்த்துவது, முன்னால் இரும்புக் கம்பி பொருத்துவது போன்ற திட்டங்கள் இருந்தால் சட்டத்தையும் விசாரித்துவிடுங்கள். அந்தக் கம்பிகளுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது.

படி 7: திரும்பும் வழி

மண்ணிலிருந்து வெளியே வந்ததும் 2 எச்சுக்கு மாற்றி, டயருக்குக் காற்று ஏற்றி, சக்கரங்களின் உள்பக்கத்தில் அப்பியிருக்கும் சேற்றைக் கம்பால் தட்டிவிடுங்கள். அது காய்ந்து ஒட்டியிருந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும், வண்டியில்தான் கோளாறு என்று தவறாக நினைத்துவிடுவீர்கள். அடியில் ஒருமுறை டார்ச் அடித்து, எண்ணெய்க் கசிவோ வளைந்த பாகமோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த அதே சாலையில், அதே 80 கிலோமீட்டரில், ஜன்னலை ஏற்றிவிட்டு ஓட்டுங்கள். காலையில் கேட்காத சத்தம் ஏதாவது கேட்கிறதா? நாள் முழுக்கக் குலுங்கிய முதுகு, இந்த இருக்கையில் இன்னும் இரண்டு மணி நேரம் உட்காரத் தயாராக இருக்கிறதா? முன்பணம் கட்டுவதா என்பதை அந்த இரண்டு மணி நேரப் பயணத்தில், களைத்த உடம்போடு முடிவு செய்யுங்கள்.