புதுத் தொட்டியில் இறகுப்புழு பிழைக்க

என் உப்புநீர்த் தொட்டியில் முதலில் செத்தது மீன் இல்லை, ஒரு சிப்பி. ஃபிளேம் ஸ்காலப் என்பார்கள். ரத்தச் சிவப்பு, உதட்டோரம் மயிரிழை மாதிரி நீட்டிக்கொண்டு அசையும். தொட்டிக்கு அப்போது இரண்டு மாதம் வயது. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், தண்ணீர் பளிங்கு. "தண்ணியில இருக்கறதையே வடிகட்டித் தின்னுக்கும் சார், தனியா ஒண்ணும் போட வேணாம்" என்றார் விற்றவர். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தொட்டாலும் மூடவில்லை. ஓட்டுக்குள் சதை பாதியாகச் சுருங்கியிருந்தது. அந்த மூன்று மாதமும் அது பட்டினி கிடந்திருக்கிறது, நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

வடிகட்டித் தின்னும் உயிர்கள் விஷயத்தில் புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் இதுதான். தண்ணீர் கெட்டால் மீன் ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிடும். இவை சத்தமில்லாமல் மாதக்கணக்கில் இளைக்கும். புதுத் தொட்டியின் தண்ணீர் சுத்தமாக இருக்கும், ஆனால் அதில் தின்ன ஒன்றும் இருக்காது. நான்கு முதல் ஆறு வாரத்தில் சைக்கிள் (கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா தொட்டியில் குடியேறுவது) முடிந்துவிட்டது என்றால், மீன் விடலாம் என்றுதான் அர்த்தம்.

ஆறு மாதமாவது பொறுங்கள். நான் காலண்டரோடு தொட்டியையும் பார்ப்பேன். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளி ஓட வேண்டும், அவை கோப்பிபாடுகள் எனும் நுண்ணிய இறால் இன உயிர்கள். சம்ப் (தொட்டிக்குக் கீழே வடிகட்டிச் சாதனங்கள் இருக்கும் இரண்டாவது தொட்டி) சுவரிலும் பம்ப் மேலும் கடுகளவுக்கு வெள்ளைச் சுருள்கள் ஒட்டியிருக்க வேண்டும். அவையும் வடிகட்டித் தின்னும் குட்டிப் புழுக்கள்தான். நாம் காசு கொடுக்காமலே அவை பெருகுகின்றன என்றால், தண்ணீரில் சோறு இருக்கிறது.

முதல் உயிராக ஃபெதர் டஸ்டர் எனும் இறகுப்புழுவை வாங்குங்கள். தானே கட்டிய குழாய்க்குள் இருந்துகொண்டு, இறகுக் கொண்டையை விசிறி மாதிரி வெளியே விரித்து வடிகட்டித் தின்னும் புழு அது. ஸ்காலப், கடற்பஞ்சு, கிறிஸ்துமஸ் மரப் புழு எல்லாம் அப்புறம் பார்க்கலாம். சீ ஆப்பிள் வேண்டவே வேண்டாம். அது கடல் அட்டை இனம், நம் நாட்டில் 2001 முதல் பிடிக்கவும் விற்கவும் தடை. போதாததற்கு, செத்தால் தொட்டியையே விஷமாக்கிவிடும்.

கடையில் கையை விளக்குக்கும் புழுவுக்கும் நடுவே நீட்டி நிழல் விழ வையுங்கள். 'சட்'டென்று கொண்டையை உள்ளே இழுத்துக்கொண்டால் நல்ல புழு. அசையாமல் இருந்தால் வேண்டாம். குழாய் அடிவரை கிழியாமல் இருக்க வேண்டும். அந்தத் தொட்டியில் மீனுக்குச் செம்பு மருந்து போட்டார்களா என்று கேளுங்கள். முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு எமன். வீட்டில் உங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணி நேரம் பழக்கி, புழு இருக்கும் குழாயின் அடியை மட்டும் பாறை இடுக்கில் செருகுங்கள். நசுக்க வேண்டாம். நீரோட்டத்தில் கொண்டை அசைய வேண்டும், மடங்கக் கூடாது. பட்டாம்பூச்சி மீனும் ஏஞ்சலும் இருக்கிற தொட்டி என்றால் இந்த ஆசையையே விட்டுவிடுங்கள், கொத்தித் தீர்த்துவிடும்.

இனி சாப்பாடு. நானோக்ளோராப்சிஸ் என்ற பாசியை நானே வளர்க்கிறேன். இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில், 1.020 அடர்த்தியில் உப்புநீர், எஃப்/2 எனும் பாசி வளர்க்கும் உரம், கொஞ்சம் தாய்ப்பாசி, காற்றுக் குழாய், 16 மணி நேரம் எல்.இ.டி. டியூப்லைட். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் கிளிப்பச்சை கீரைமசியல் பச்சையாகும். பாதியை எடுத்துக்கொண்டு மீதிக்குப் புது நீரும் உரமும் ஊற்றலாம். மஞ்சளாகி நாறினால் யோசிக்காமல் கொட்டுங்கள். எடுத்ததை ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் வைக்கலாம், தினமும் ஒருமுறை குலுக்க வேண்டும். பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். அம்மா ஒருநாள் அதை யாரோ கொடுத்த மூலிகைச் சாறு என்று நினைத்துத் தம்ளரில் ஊற்றிவிட்டார்.

என் 200 லிட்டர் தொட்டிக்கு நாளுக்கு 20 மி.லி.யில் தொடங்கினேன், காலை பாதி, இரவு பாதி. கொண்டைமேல் நேராகப் பீய்ச்சாதீர்கள், பயந்து மூடிக்கொள்ளும். நீரோட்டம் கிளம்பும் இடத்தில் விட்டால் தானே வந்து சேரும். ஸ்கிம்மரை (நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் போட்டதை அதுதான் தின்னும். ஸ்கிம்மரை மறுபடி ஓடவிட மறக்காமல் இருக்க நான் மொபைலில் அலாரம் வைக்கிறேன். நைட்ரேட் 10 பி.பி.எம்.-ஐத் தாண்டினால் அளவைப் பாதியாக்குங்கள்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒவ்வோர் இறகின் நடுவிலும் ஒரு வாய்க்கால், அதில் துகள்கள் கீழே ஓடும். அடியில் சல்லடை போட்டதுபோல் பிரிக்கிறது புழு. பெரிய துகளை வெளியே தள்ளும், சிறியதை வாய்க்கு அனுப்பும், நடுத்தரமானதைத் தன் சளியில் குழைத்துக் குழாயின் விளிம்பில் கொத்தனார் மாதிரி பூசும். குழாயின் வாயில் புது வளையம் ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஏறினால் வயிறு நிறைகிறது.

உப்பின் அளவு 1.025-லேயே நிற்க வேண்டும். சென்னை மே மாதத்தில் தொட்டிமேல் ஃபேன் ஓடினால் தினமும் இரண்டு லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, அதனால் ஈடுகட்ட வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் மதுரை போனபோது அக்கா மகனிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவன் பக்கத்தில் இருந்த உப்புநீர் கேனை எடுத்து ஊற்றியிருக்கிறான். மூன்றாம் நாள் போன் வந்தது: "மாமா, அந்தப் பூ கழண்டு கீழ விழுந்துடுச்சு."

பதறிக் குழாயைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மிரண்டால் கொண்டையை உதிர்ப்பது அதன் வழக்கம். முகர்ந்து பாருங்கள், அழுகல் நாற்றம் இல்லையென்றால் உள்ளே உயிர் இருக்கிறது. நான் இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்து, பாசியை வழக்கம்போல் ஊற்றிக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாம் வாரம் ஐந்து ரூபாய் நாணய அகலத்தில், நிறமே இல்லாத ஒரு கொண்டை எட்டிப் பார்த்தது. இப்போது என் உள்ளங்கையை மறைக்கும். கேன்களில் பெரிய எழுத்தில் 'உப்பு', 'நல்லது' என்று எழுதியிருக்கிறேன்.