முறுக்குக் கால் மேசை: கவிழ்த்துப் பார்ப்பது முதல் காலை ஒட்டுவது வரை

பழைய பக்க மேசை வாங்கப் போகிறவர்கள் முதலில் மேற்பலகையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். கயிறு திரித்தது போலக் கடைந்த முறுக்குக் கால் மேசையில் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். பலகை வெடித்திருந்தால் ஒட்டலாம், கறையை எடுக்கலாம். முறுக்குக் கெட்டால் அதே மாதிரி கடைந்து தரும் கை இன்று எளிதில் கிடைக்காது. ஆகவே ஒரு சாக்கை விரித்து மேசையை அதன்மேல் கவிழ்த்து வையுங்கள்.

மரத்தின் நார் காலின் நீளத்துக்கு ஓடுகிறது. முறுக்கு வெட்டும் வாள் அந்த நாரைச் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டு இறங்குகிறது. வெளிவிட்டம் 45 மி.மீ. உள்ள காலில் பள்ளம் 10 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஓடும் நார் நடுவிலுள்ள 25 மி.மீ. தண்டில் மட்டும்தான் இருக்கும். வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப்படி கூடிக் குறையும். அதனால் இந்தக் கால், அதே பருமனுள்ள நேர்க்காலின் பலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கோடுதான் நிற்கிறது. மேசையை இழுத்து நகர்த்தக் கூடாது, இரண்டு பேர் சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். முறிகிற காலில் பெரும்பாலானவை மேலே சதுரக் கட்டை முடிந்து முறுக்குத் தொடங்கும் கழுத்தில்தான் முறியும். நகத்தால் அந்தக் கழுத்தைச் சுற்றித் தடவுங்கள். மயிரிழை போல ஒரு படி நகத்தில் தட்டினால், அது முன்பு முறிந்து ஒட்டிய கால்.

வயதைக் காட்டும் அடையாளங்கள்

இங்கிலாந்தில் முறுக்குக் கால் 1660க்குப் பிறகு, இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் காலத்தில் பரவியது. அதே நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் கருங்காலியில் முறுக்குக் கடைசல் செய்து கொடுத்திருக்கிறார்கள். விக்டோரியா காலத்தில் இந்தப் பாணிக்கு மறுபடி மவுசு வந்தது. 1920களிலும் 1930களிலும் ஓக் மரத்தில் மலிவாக ஏராளமாகச் செய்தார்கள். திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த இடம்; அந்தப் பிற்காலத்து மலிவு மேசையும் இங்கே வந்திருக்கலாம். இங்கே கைமாறும் மேசையை யாராவது "ஒல்லாந்தர் காலத்துச் சாமான்" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். மேசையே சொல்வதைக் கேளுங்கள்.

ஸ்க்ரூவில் தொடங்கலாம். ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய ஸ்க்ரூவின் நுனி மொட்டையாக இருக்கும், தலையிலுள்ள வெட்டு நடுவை விட்டு விலகியிருக்கும். கூர் நுனி என்றால் அதற்குப் பிந்தியது. கூட்டல் குறித் தலை 1930களுக்கு முன் இல்லை. ஆனால் ஒரு ஸ்க்ரூவை யாரும் மாற்றியிருக்கலாம். அதனால் குறைந்தது நான்கைப் பார்த்து, துளையும் ஸ்க்ரூவும் ஒன்றுக்கொன்று சொந்தமா என்று கவனியுங்கள். அடிப்பலகையில் வட்ட வட்டமான வாள் தடம் தெரிந்தால் இயந்திர வாள் வந்த பிறகு அறுத்த பலகை.

அடுத்தது அளவுகோல். முறுக்குக்கு மேலும் கீழும் கடைந்த வளையம் இருக்குமே, அதன் விட்டத்தை வேர்னியர் இடுக்கியால் இரண்டு திசையில் அளவுங்கள். மரம் அதன் வயது வளையங்களின் போக்கில் அதிகமாகவும், நடுவிலிருந்து வெளியே போகும் ஆரப்போக்கில் குறைவாகவும் சுருங்கும். அதனால் கடைந்த நாளில் சரியான வட்டமாக இருந்தது காலம் போகப்போக முட்டைவட்டமாகும். 50 மி.மீ. வளையத்தில் அரை முதல் ஒரு மி.மீ. வித்தியாசம் இருந்தால் நம்பலாம். எல்லாத் திசையிலும் ஒரே அளவு வருகிற "நூறு வருட மேசை" சந்தேகத்துக்குரியது.

பிறகு முறுக்கின் திசை. நல்ல பட்டறையில் செய்த மேசையில் இடக்காலும் வலக்காலும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்தது போல எதிர்ப்பக்கம் முறுகும். மலிவுச் சாமானில் நாலும் ஒரே பக்கம். மூன்று ஒரு பக்கமும் ஒன்று மட்டும் மாறியும் நின்றால் ஏதோ ஒரு கால் பிறகு வந்தது. கையால் வெட்டிய முறுக்கில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் ஒன்றிரண்டு மி.மீ. வேறுபாடு இருக்கும். பள்ளத்துக்குள் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் அரம் போன தடமும் தெரியும்.

மரமும் பூச்சியும்

கருங்காலி என்று விற்பதில் பாதி, கறுப்புச் சாயம் ஏற்றிய வேறு மரம். காலின் அடிமுகத்தில் மெதிலேட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்து அழுத்துங்கள். பஞ்சு நல்ல கறுப்பானால் சாயத்தைச் சந்தேகியுங்கள். கறுப்புப் பாலிஷும் கொஞ்சம் கரையும் என்பதால், பொருத்து கழன்ற இடத்தில் உள்மரத்தின் நிறத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். கருங்காலியின் சிறு துண்டு தண்ணீரில் தாழும். முதிரை மஞ்சள் நிறம், திருப்பினால் பட்டு மாதிரி மினுங்கும். ஓக்கில் குறுக்கே வெள்ளிக் கீறல் போன்ற கதிர்கள் ஓடும். இரும்பு பட்ட இடமெல்லாம் நீலக் கறுப்பாகக் கறை பிடித்திருக்கும். உப்புக் காற்றில் அந்தக் கறை வேகமாக வரும். அதனால் ஓக் மேசையில் மாற்றும் ஸ்க்ரூ பித்தளையாக இருக்கட்டும்.

கறுப்புத் தாளை விரித்து, அதற்கு மேலாகக் காலை ரப்பர்ச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். மா போன்ற தூள் விழுந்தால் வண்டு. ரவை போன்ற உருட்டுத் துகள் விழுந்தால் உலர்மரக் கறையான். இரண்டாவது மோசம், ஏனென்றால் மேல்தோலை அப்படியே விட்டு உள்ளே தின்னும். தட்டும்போது ஓட்டைச் சத்தம் கேட்டால் அந்தக் காலை விட்டுவிடுங்கள். வண்டுத் துளை மட்டும் என்றால் பெர்மெத்ரின் கலந்த மரப்பூச்சி மருந்தை ஊசிக்குழாயால் துளை துளையாக ஏற்றி, பொலித்தீனால் சுற்றி மூன்று நாள் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி தட்டிப் பாருங்கள்.

முறிந்த காலை ஒட்டுவது

முறிவு புதிதாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சிம்பாக நிற்கும் நாரை வெட்டாதீர்கள், தேய்க்காதீர்கள். பசையில்லாமல் இரண்டு துண்டையும் பொருத்தி, கோடு முழுவதும் மூடுகிறதா என்று பாருங்கள். மூடவில்லை என்றால் எங்கோ ஒரு சிம்பு மடங்கிக் கிடக்கிறது. அதை ஊசியால் நிமிர்த்துங்கள்.

பழைய முறிவு என்றால் முன்பு பூசிய பசை முழுவதும் போக வேண்டும். பசைக்கு மேல் பசை பிடிக்காது. வச்சிரம் (விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சும் பசை) வெந்நீரில் இளகும். வெள்ளை மரப்பசை சூடான வினாகிரியில் மெத்தென்று ஆகும், பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுக்கலாம். சுத்தம் செய்த மரம் இரண்டு நாள் காயட்டும்.

எந்தப் பசை என்று கேட்டால், முறிவுக்கு வெள்ளை மரப்பசை, பொருத்துகளுக்கு வச்சிரம். முறிவை இனி ஒருவரும் பிரிக்கப் போவதில்லை. பொருத்தை இன்னும் ஐம்பது வருடத்தில் இன்னொருவர் பிரிக்க வேண்டி வரும், அப்போது வெந்நீரில் இளகும் பசைதான் அவருக்கு உதவும். வச்சிரத்தை இரவு பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 பாகை செல்சியஸ் அளவில் உருக்குங்கள். கொதித்தால் பலம் போய்விடும்.

இறுக்குவதில்தான் பலர் தடுமாறுவார்கள். முறுக்கின் மேல் இரும்பு இடுக்கி வைத்தால் வழுக்கும், திருகினால் முகடு நசுங்கும். பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு விரல் அகலத்தில் நீளக் கீற்றாக வெட்டுங்கள். முறிவுக்கு ஒரு சாண் கீழே தொடங்கி, பள்ளத்தின் போக்கிலேயே இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டு முறிவைத் தாண்டுங்கள். பிறகு எதிர்ப்போக்கில் ஒரு சுற்று. நீளவாட்டில் இறுக்க, சட்டத்தையும் கால்நுனியையும் சேர்த்துக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைக் கோத்து முறுக்குங்கள். வழிந்த பசையை ஈரத் துணியால் உடனே துடைக்க வேண்டும், பள்ளத்தில் காய்ந்தால் எடுப்பது பெரும்பாடு. 24 மணி நேரம் தொடாதீர்கள்.

கழுத்து முறிவுக்குப் பசை மட்டும் போதாது, உள்ளே ஓர் ஆப்புக்குச்சி வேண்டும். முறிந்த முகத்தில் நேராகத் துளைக்கப் போனால் துளை கோணலாகும், கால் சாயும். அதற்கு இப்படிச் செய்யலாம்: முறிவை முதலில் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு முறிவுக்குப் பக்கத்திலுள்ள வளையத்தின் இடுக்கில் மெல்லிய வாளால் நேர்குறுக்காக அறுங்கள். இப்போது இரண்டு பக்கமும் தட்டையான வட்ட முகம் கிடைக்கிறது, நடுவைக் குறிப்பது எளிது. ஒரு பக்கத்தில் ஒட்டிய முறிவைத் தாண்டி 40 மி.மீ. போகும்படியும், மறுபக்கத்தில் 40 மி.மீ. ஆழத்துக்கும் 10 மி.மீ. துளை போடுங்கள். 25 மி.மீ. தண்டுக்கு இதைவிடப் பருத்த குச்சி வேண்டாம், சுவர் மெலிந்துவிடும். குச்சியின் பக்கத்தில் நீளவாட்டில் ஒரு கீறல் இழுத்து விடுங்கள். இல்லையென்றால் அடைபட்ட காற்றும் பசையும் வெளியேற வழியில்லாமல் தண்டைப் பிளந்துவிடும். வாள் தின்ற ஒரு மி.மீ.க்கு அதே மரத்தில் மெல்லிய சீவல் வட்டம் வைத்து ஒட்டினால் காலின் உயரம் குறையாது, அறுத்த கோடு வளைய இடுக்கில் மறைந்துவிடும்.

புதிய கால் வேண்டுமென்றால்

கறையான் தின்ற காலை மாற்றத்தான் வேண்டும். முதிரைக்கு முதிரை, தேக்குக்குத் தேக்கு என்று பழைய உடைசல் தளபாடத்திலிருந்து மரம் தேடுங்கள். வேறு மரம்தான் கிடைக்கும் என்றால் சாவண்டலை நல்ல தெரிவு. சிங்களத்தில் ஹல்மில்ல என்பது இதுதான். வெளிநாட்டு மரவணிகத்தில் இதற்கு எங்கள் ஊரின் பெயரையே வைத்து, 'ட்ரிங்கோமலி வூட்' என்றார்கள். நேரான நார், வளைந்து கொடுக்கும், எளிதில் வெடிக்காது. முறுக்குக்கு வேண்டியது அதுவே.

கடைசல்காரரிடம் 45 மி.மீ. உருளையாகக் கடைந்து வாங்குங்கள். முறுக்கின் நீளம் 360 மி.மீ. என்றால் ஒற்றை முறுக்குக்கு ஒரு சுற்றின் உயரம் விட்டத்துக்குச் சமம், அதாவது 45 மி.மீ., மொத்தம் எட்டுச் சுற்று. உருளையின் மேல் சம இடைவெளியில் நீளவாட்டில் நாலு கோடு போட்டு 1, 2, 3, 4 என்று எண் எழுதுங்கள். 45 மி.மீ.க்கு ஒரு வளையக்கோடு, ஒவ்வொன்றுக்கும் இடையில் நாலு சம பங்கு. முதல் கோட்டில் தொடங்கி ஒரு பங்கு ஏற ஏற அடுத்த கோட்டுக்குத் தாவிப் புள்ளி வையுங்கள். புள்ளிகளைக் கடதாசிக் கீற்றால் சேர்த்துக் கோடு இழுத்தால் முகடு. அரைச் சுற்று, அதாவது இரண்டு பங்கு தள்ளி அதே மாதிரி இன்னொன்று இழுத்தால் பள்ளம். எதிர்க்கால் வேண்டுமென்றால் 1, 4, 3, 2 என்ற வரிசையில் தாவுங்கள். இந்த இடத்தில்தான் அதிகம் பிழை விடுவார்கள். பழைய காலைக் கையில் வைத்துக்கொண்டு குறியுங்கள்.

வாளின் பக்கத்தில் 9 மி.மீ. உயரத்தில் டேப் ஒட்டி, பள்ளக் கோட்டில் டேப் தொடும்வரை அறுங்கள். இரண்டு பக்கமும் உளியால் சரித்து, உருட்டு அரத்தால் பள்ளத்தையும் அரைவட்ட அரத்தால் முகட்டையும் உருட்டுங்கள். கடைசியில் 80, 120, 180 இலக்க மணல்தாளைக் கீற்றாக்கி, சப்பாத்துப் பாலிஷ் போடுவது போல முன்னும் பின்னும் இழுக்கலாம். புதிய காலுக்கு மட்டும்தான் மணல்தாள். பழைய முறுக்கில் அதைத் தொடவே வேண்டாம். கை பட்டு மழுங்கிய முகடும், பள்ளத்தில் உறைந்த கறுப்பும்தான் அந்த மேசையின் வயது. ஒருமுறை தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

துப்புரவும் மெழுகும்

பழைய மெருகு எது என்று தெரிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை அரை நிமிடம் வையுங்கள். ஒட்டினால் அரக்குப் பாலிஷ். ஒட்டாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் பிற்காலத்து லக்கர். அரக்குப் பாலிஷ் உள்ளதை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது. டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணிக் கீற்றைப் பள்ளத்தில் ஓடவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு வரும், மெருகு நிற்கும்.

மெழுகுக்கு 100 கிராம் தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, வெளியே கொண்டுபோன பிறகு 250 மி.லீ. டர்பன்டைன் ஊற்றிக் கலக்குங்கள். அடுப்பெரியும்போது கலந்தால் தீப்பிடிக்கும். ஆறியதும் மிக மெல்லியதாகப் பூசி, ஒரு மணி நேரம் விட்டுத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் போட்டால் அன்றைக்கு மினுங்கும், ஆனால் அது காயாது. தூசி பிடித்துப் பள்ளம் முழுக்கப் பிசினாகி நாறும்.

கச்சானும் வாடையும்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது மேற்பலகை சுருங்கி வெடிப்பு விரியும். அப்போது அதை மக்கு வைத்து நிரப்பாதீர்கள். மாரியில் பலகை ஊதும்போது மக்கு இடம் கொடுக்காது, மரம் நசுங்கும், அடுத்த கச்சானில் வெடிப்பு இன்னும் அகலமாகும். பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் ஸ்க்ரூவின் துளையைக் குறுக்குவாட்டில் 5 மி.மீ. நீட்டிவிட்டால், பலகை சுருங்கவும் ஊதவும் இடம் கிடைக்கும். அரக்குப் பாலிஷ் போட நினைத்தால் வாடை மழை நாளில் போடாதீர்கள், ஈரம் புகுந்து வெள்ளையாகப் படரும்.

சீமெந்துத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற வீட்டில் கால்நுனிதான் முதலில் உக்கும், நார்முனை வழியாகத் தண்ணீர் ஏறுவதால். மேசை கவிழ்ந்து கிடக்கும்போதே நாலு நுனிக்கும் மூன்று தரம் அரக்குப் பாலிஷ் குடிக்க விட்டு, காய்ந்த பின் 3 மி.மீ. நைலோன் வில்லை ஒட்டுங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப எண்ணினால், பொதி கட்டுவதற்கு முன் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்து அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொதி கட்டும்போது கால்களுக்கிடையில் பலகைத் துண்டைக் குறுக்கே கட்டி, கழுத்துகளைத் துணியால் சுற்றுங்கள். மேசை கவிழ்ந்த நிலையிலேயே போகட்டும்.