குழந்தையின் மெடிகெய்டும் வாசல் தபால்பெட்டியும்

அமெரிக்கா வந்த புதிதில் குழந்தைக்கு அரசு மருத்துவக் காப்பீடு வாங்க அலையாய் அலைவோம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கானது அது. மெடிகெய்டு, சிப் என்பவை பொதுப் பெயர்கள்; மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். நியூ ஜெர்சியில் ஃபேமிலிகேர், கலிஃபோர்னியாவில் மெடி-கால். கார்டு கைக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு மறந்துவிடுவோம். ஒரு வருஷத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே மறந்துபோகும்.

எங்களுக்கு அது டாக்டர் ஆபீஸில்தான் தெரிந்தது. மகளுக்குப் பதினெட்டாம் மாதத் தடுப்பூசி. கம்ப்யூட்டரைப் பார்த்த வரவேற்பாளர், "போன மாசமே இன்ஆக்டிவ் ஆயிடுச்சே" என்றார். எங்கள் சம்பளம் ஒரு டாலர்கூட ஏறவில்லை. புதுப்பிக்கும் படிவம் பழைய அபார்ட்மென்ட்டுக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

சம்பளம் ஏறினாலும் உடனே பயம் வேண்டாம். 2024 ஜனவரி 1 முதல் எல்லா மாநிலங்களிலும் 19 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு ஒரு தடவை ஒப்புதல் கிடைத்தால் 12 மாதம் தொடரும். நடுவில் ஓவர்டைம் கிடைத்ததற்காகக் காப்பீட்டை நிறுத்த மாட்டார்கள். ஆனால் வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பிரசவத்தின்போது தாய்க்கு மெடிகெய்டு இருந்தால் குழந்தைக்கு ஒரு வயதுவரை தானாகவே உண்டு. முதல் பிறந்தநாள் கேக்கோடு புதுப்பிக்கும் காகிதத்தையும் கவனியுங்கள்.

ஆக, பாடெல்லாம் தபாலோடுதான். அதிலும் நம் பெயர்கள்! அப்பாவுக்குத் தாத்தா பெயர் கடைசிப் பெயர், பிள்ளைக்கு அப்பா பெயர், அம்மாவுக்கு அவள் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். தபால்பெட்டியில் ஒன்றுதான் ஒட்டியிருந்தால், மற்ற பெயருக்கு வரும் கடிதம் திரும்பிப் போகலாம். எல்லாப் பெயரையும் எழுதி ஒட்டுங்கள், குழந்தையின் பெயர் உட்பட. வீடு மாறினால் தபால் நிலையத்தில் மட்டும் சொன்னால் போதாது; காப்பீட்டு அலுவலகத்துக்கும் தனியாகச் சொல்லுங்கள், அபார்ட்மென்ட் எண்ணோடு.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா? தபால் நிலையம் கடிதங்களை 30 நாள்தான் பிடித்து வைக்கும். இரண்டு மாதம் போவதென்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்து, அரசுக் கடிதம் வந்தால் பிரித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

கெடு தவறிவிட்டதா? காப்பீடு நின்ற 90 நாளுக்குள் அதே படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், பொதுவாகப் புது விண்ணப்பம் இல்லாமலே மறுபடி பார்ப்பார்கள். நாங்கள் அப்படித்தான் தப்பித்தோம். இடையில் வந்த பில்லைக் கட்டுமுன், அந்த நாட்களுக்கும் சேர்த்துக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

விசாவில் வந்த குழந்தைக்குக் கிடைக்குமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. நியூ ஜெர்சியில் 2023 முதல் வருமானத் தகுதி இருந்தால் குடியுரிமை நிலையைப் பார்ப்பதில்லை. இந்தக் காப்பீடு வாங்கினால் கிரீன் கார்டைப் பாதிக்குமா என்று மட்டும் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்காதீர்கள். அந்த விதி மாறிக்கொண்டே இருப்பது. இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள்.

காப்பீட்டு அலுவலகத்தோடு போனில் பேச ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், காசு கிடையாது. இந்தியா என்றதும் இந்திக்காரரை இணைத்துவிடுவார்கள். "தமிழ்" என்று இரண்டு தடவை அழுத்திச் சொல்லுங்கள்.