வெளிநாட்டு விருந்தினருக்கான தளமும் உள்ளூர்ப் பரிசோதனையும்: ஹோஸ்டிங் தெரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் இணையத்தளம் வைத்திருக்கும் பலருக்கு, அதைப் பார்க்க வேண்டியவர்கள் திருகோணமலையில் இல்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி நடத்துபவர்களுக்கு ஜேர்மனியிலும் பிரான்சிலும் நெதர்லாந்திலும் இருந்து முற்பதிவு வர வேண்டும். கோயில்களின் தளங்களையும் பழைய மாணவர் சங்கங்களின் தளங்களையும் ரொறன்ரோ, லண்டன், சிட்னி நகரங்களில் வாழும் உறவுகள் திறக்கிறார்கள். அப்படியிருந்தும், ஹோஸ்டிங் (தளத்தை வைத்து இயக்கும் சேவை) வாங்கும் நாளில், தளம் இருக்கும் கணினியான சேர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. இத்தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். காப்புப் பிரதி எடுக்காமல் விடுவது, விலையை மட்டும் பார்த்து வாங்குவது முதலியவற்றை எல்லோரும் அறிவார்கள். அவற்றை இங்கே தொடவில்லை.

“என்னுடைய போனில் உடனே திறக்கிறதே”

இந்த ஒரு வாசகம் இழக்கச் செய்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஒளியிழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. கொழும்பிலிருந்து ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர் தூரம். எவ்வளவு விலை கொடுத்து எந்தச் சேர்வரை வாங்கினாலும், ஒரு கேள்வி போய் அதற்கான பதில் திரும்பி வர 80 மில்லிசெக்கனுக்குக் குறையாது. கேபிள்கள் நேர்கோட்டில் செல்லாமல் கடலடியில் செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் என்று வளைந்து செல்வதால், நடைமுறையில் அது 150 மில்லிசெக்கனை நெருங்குவது வழமை. அது சிறிய தொகைதானே என்று தோன்றும். ஆனால் பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கு முன்பே, இணைப்பை ஏற்படுத்த ஒரு முறையும், பூட்டுக் குறியுடன் கூடிய பாதுகாப்பை உறுதிசெய்ய டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறையின் 1.3 பதிப்பு எனில் ஒரு முறையும் பழைய 1.2 எனில் இரு முறையும், பக்கத்தைக் கேட்டுப் பெற இன்னொரு முறையும் கடலைக் கடந்து திரும்ப வேண்டும். சேர்வர் தன் வேலைக்கு எடுக்கும் நேரத்தைச் சேர்க்காமலே அரைச் செக்கன் போய்விடுகிறது. சேர்வர் அனுப்பும் பதிலின் முதல் பைட் (முதல் துளித் தரவு) 0.8 செக்கனுக்குள் வந்துசேர வேண்டும் என்பது கூகுள் தரும் அளவுகோல். அதில் பெரும் பங்கைத் தூரமே தின்றுவிடுகிறது.

நிலாவெளிக் கடற்கரையோரம் உள்ள ஒரு விடுதியின் தளம் கொழும்பிலிருந்த சேர்வரில் இயங்கியது. உரிமையாளர் தன் கைத்தொலைபேசியில் தொட்டவுடன் படங்களும் அறைகளும் நாட்காட்டியும் வந்து நிற்கும். தளத்தைச் செய்த இளைஞருக்கும் அது நிறைவாகவே இருந்தது. ஜேர்மனியிலிருந்து எழுதிய விருந்தினர்களோ, நாட்காட்டி சுற்றிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார்கள். அந்த நாட்காட்டி ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக, ஒரு பதில் வந்த பின்னரே அடுத்த கேள்வி என்ற முறையில், சேர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. அங்கிருந்து பார்ப்பவர் ஒவ்வோர் அறைக்கும் ஒரு தடவை கடலைக் கடந்து காத்திருக்க வேண்டும்.

அதற்கு மருந்தாக அந்த இளைஞர் கிளவுட்ஃபிளேரை இணைத்தார். தளத்தின் படங்கள் முதலியவற்றின் பிரதிகளை உலகெங்கும் உள்ள தன் நிலையங்களில் வைத்து, பார்ப்பவருக்கு அருகிலிருந்து வழங்கும் நல்ல சேவை அது, இலவசத் திட்டமும் உண்டு, அதற்குக் கொழும்பிலேயே ஒரு நிலையமும் இருக்கிறது. படங்களும் எழுத்துருக்களும் ஐரோப்பாவிலும் விரைவாக வரத் தொடங்கின. ஆனால், நாமாக ஒரு விதியை எழுதிச் சொன்னாலன்றி, கிளவுட்ஃபிளேர் எச்டிஎம்எல் பக்கங்களை, அதாவது தளத்தின் பக்கங்களையே, சேமித்து வைப்பதில்லை. எந்த அறை எந்த நாளில் காலி என்ற விடையைச் சேமித்து வைக்கவும் கூடாது. ஆகவே முற்பதிவை முடிவு செய்யும் அந்த ஒரு பகுதி மட்டும் பழையபடி கொழும்பிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. உரிமையாளர் மீண்டும் தன் போனில் திறந்து பார்த்தார். அவருடைய போன் அந்தப் படங்களை முன்பே சேமித்து வைத்திருந்தது, சேர்வரும் பக்கத்திலேயே இருந்தது. அந்தத் தளத்தைப் பரிசோதிக்கத் தகுதியற்ற ஒரே ஆள் அவர்தான்.

பிறகு தளத்தைப் பிராங்பேர்ட்டுக்கு மாற்றினார்கள். வரவேற்பு மேசையின் கணக்கு மென்பொருளோடு பிணைந்திருந்த காரணத்தால் அறைகளின் விவரங்கள் பதிந்திருக்கும் தரவுத்தளத்தை மட்டும் கொழும்பிலேயே விட்டார்கள். இதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. ஒரு பக்கத்தை உருவாக்க, தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தரவுத்தளத்திடம் பல பத்துக் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 150 மில்லிசெக்கன் என்றால், 40 கேள்விகளுக்கு 6 செக்கன் ஆகிறது. கிழக்குக் கரையின் பருவம் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரைதான். அந்தப் பருவம் முழுவதும் அறைகள் முகவர் தளங்கள் வழியாகவே நிரம்பின, ஒவ்வோர் இரவுக்கும் தரகுப் பணம் போனது. சொந்தத் தளத்தில் ஆட்கள் வந்து, நாட்காட்டியைத் திறந்து, திரும்பிப் போனார்கள்.

சேர்வரையும் தரவுத்தளத்தையும் ஒரே தரவு மையத்தில், விருந்தினருக்கு அருகில் வையுங்கள். அப்போது உரிமையாளர், “எனக்கு இப்போது மெதுவாகத் திறக்கிறது” என்று முறைப்பாடு சொல்வார். அதுதான் சரியான நிலை. முற்பதிவுகளைத் தினமும் பார்க்க வேண்டிய வரவேற்பாளர் ஒரு செக்கன் கூடுதலாகக் காத்திருப்பார். முதன்முறை வரும் அந்நியர் காத்திருக்க மாட்டார்.

பரிசோதனையையும் அங்கிருந்தே செய்ய வேண்டும். வெப்பேஜ்டெஸ்ட் என்ற கருவியில் பரிசோதிக்கும் நகரத்தைத் தெரிவு செய்யலாம். அதைவிட எளிய வழியும் நம்மிடம் உண்டு. வெளிநாட்டில் ஒரு உறவாவது இல்லாத குடும்பம் இங்கே அரிது. அவர்களில் ஒருவரை, இதுவரை அந்தத் தளத்தைத் திறந்திராத போனில், வைஃபையை நிறுத்திவிட்டு, முற்பதிவின் கடைசிப் படி வரை சென்று பார்க்கச் சொல்லுங்கள். முகப்புப் பக்கம் மட்டும் போதாது.

நாட்டவரையும் நாட்டில் இருப்பவரையும் ஒன்றாக எண்ணுவது

“எங்கள் வாடிக்கையாளர் ஐரோப்பியர், ஆகவே சேர்வர் ஐரோப்பாவில்” என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. புறாத் தீவுக்குப் படகு விடுபவரிடமும், திமிங்கிலம் பார்க்க அழைத்துச் செல்பவரிடமும், கடற்கரை உணவகக்காரரிடமும் வரும் ஜேர்மானியர், முடிவெடுக்கும் நேரத்தில் சிகிரியாவிலோ உப்புவெளியிலோ உள்ளூர் சிம் அட்டையோடு இருக்கிறார். அவருக்கு ஏற்றது கொழும்போ மும்பையோ சிங்கப்பூரோதான். அறையை மாதங்களுக்கு முன் பதிவு செய்பவர் மட்டுமே தன் வீட்டிலிருந்து பார்க்கிறார். வாடிக்கையாளர் பணம் செலுத்தும் நேரத்தில் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைத் தளத்தின் புள்ளிவிவரத்தில் நாடு வாரியாகப் பார்த்த பின்னரே தெரிவு செய்ய வேண்டும்.

நிறுவனத்தின் முகவரியைச் சேர்வரின் முகவரியாகக் கொள்வது

தரவு மையம் எந்த நகரத்தில் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

சேர்வரை மாற்றினால் கூகுளில் மேலே வரலாம் என்று நம்புவது

சேர்வரின் இருப்பிடம் தீர்க்கமான அடையாளம் அல்ல என்று கூகுளே தன் வழிகாட்டலில் சொல்கிறது. ஜேர்மன் மொழியில் ஒரு நல்ல பக்கத்தை எழுதி, ஒவ்வொரு மொழிப் பக்கமும் மற்றதைச் சுட்டும் ஹெச்ரெஃப்லாங் குறிப்பைச் சரியாக இடுவது, தரவு மையத்தை மாற்றுவதைவிடப் பயன் தரும். டொட் எல்கே முகவரியைக் கொண்ட தளத்தைப் பிராங்பேர்ட்டில் வைப்பதற்கும் எந்தத் தடையும் இல்லை.

ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் நடுவே ஓர் இடம் தேடுவது

அப்படி ஓர் இடம் இல்லை. கோயில் அறிவித்தல்களும் மரண அறிவித்தல்களும் சங்கச் செய்திகளும் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தெரியும் பக்கங்கள். அவற்றை முழுப் பக்கமாகச் சேமித்து வைக்கும் விதியை எழுதி, உலகெங்கும் உள்ள நிலையங்களிலிருந்து வழங்கச் செய்தால், மூலச் சேர்வர் எங்கே இருந்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. அறிவித்தலைத் திருத்தியவுடன் பழைய பிரதியை அகற்றும் ஏற்பாட்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். இல்லாவிட்டால், இறுதிக்கிரியை நேரம் மாறிய செய்தி ஒரு நாட்டுக்குப் போய், இன்னொரு நாட்டுக்குப் போகாமல் இருக்கும்.

திருவிழா நேரலையைச் சொந்தச் சேர்வரிலிருந்து அனுப்புவது

யூடியூப்பில் விடுங்கள்.

ஒரே கடல்வழியை நம்பியிருப்பது

2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்கு அண்மையில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது, தெற்காசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான போக்குவரத்து தடுமாறியது. அறுந்தவற்றுள் இலங்கையைத் தொடும் சீ-மீ-வீ 4 கேபிளும் ஒன்று. ஐரோப்பிய விருந்தினருக்கான தளம் ஐரோப்பாவிலேயே இருந்தால், அத்தகைய நாட்களிலும் அவருக்கு முற்பதிவு தடையின்றி நடக்கும். சிரமம் நம் பக்கத்தில் மட்டும் இருக்கும்.

நமது நள்ளிரவில் பராமரிப்பு வேலை வைப்பது

இங்கே அதிகாலை 2 மணி என்றால், கோடையில் ஜேர்மனியில் இரவு 10.30, ரொறன்ரோவில் மாலை 4.30. அவர்கள் விடுமுறையைத் திட்டமிடும் நேரத்தில் தளத்தை நிறுத்தாதீர்கள்.

சேர்வர் வெளிநாட்டில் இருப்பதால் சட்டம் நிறைவேறிவிட்டது என்று எண்ணுவது

ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளவர்களுக்குச் சேவை வழங்க முன்வந்து அவர்களின் விவரங்களைச் சேகரித்தால், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, சேர்வர் எங்கே இருந்தாலும் பொருந்தும். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. கடவுச்சீட்டின் படத்தை முற்பதிவுப் படிவத்தில் கேட்டு வாங்கி வைத்திருக்கும் விடுதிகள் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

இடம் மாற்றும்போது மின்னஞ்சலை மறப்பது

பழைய ஹோஸ்டிங்கில் தளத்தோடு மின்னஞ்சலும் சேர்ந்தே இருக்கும். தளத்தை மட்டும் புதிய நாட்டுக்குக் கொண்டுபோய், பழைய கணக்கை மூடிவிட்டால், முற்பதிவுக் கடிதங்கள் எவர் கைக்கும் வராமல் போகும். மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்னதாக தளத்தின் பெயரைச் சேர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகளின் ஆயுளை 300 செக்கனாகக் குறையுங்கள். மின்னஞ்சல் போய்ச்சேர வேண்டிய சேர்வரைக் காட்டும் எம்எக்ஸ் பதிவு எங்கே சுட்டுகிறது என்பதைக் குறித்து வையுங்கள். மின்னஞ்சலைத் தனிச் சேவைக்கு மாற்றி, வெளியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பி, அது வந்துசேர்ந்ததைப் பார்த்த பின்னரே பழைய கணக்கை மூடுங்கள்.