குட்டி சத்தமில்லாமல் கிடந்தால் குனிந்து பாருங்கள்

எங்கள் தெரு நாய்கள் குட்டி போடத் தேடி வருவது எங்கள் வீட்டு மாடிப்படி அடியைத்தான். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். கத்துகிற குட்டியைக் கவனிக்க ஆள் வந்துவிடுவார்கள். சத்தமில்லாமல் கிடப்பதைத்தான் எல்லாரும் "சாதுவான குட்டி" என்று விட்டுவிடுகிறார்கள்.

பிறந்த குட்டிக்குக் கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். முதல் இரண்டு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளவும் தெரியாது. அதனால் குட்டிகள் கிடக்கும் விதத்தைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்தால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் காலைப் பரப்பிக் கிடந்தால் புழுங்குகிறது. தூக்கத்தில் காதும் காலும் உதடும் வெடுக் வெடுக்கென்று துடிப்பதைப் பார்த்து வலிப்பு என்று பயப்பட வேண்டாம், அது நல்ல தூக்கம். துடிப்பே இல்லாமல் நனைந்த துணி மாதிரி கிடப்பதைத்தான் உடனே கையில் எடுக்க வேண்டும்.

ஒரு ஐப்பசி மழை ராத்திரி, ஆறு குட்டியில் ஒன்று மட்டும் சுவரோரம் தனியாகக் கிடந்தது. சுண்டுவிரலைக் கழுவிவிட்டு வாயில் வைத்தேன். உள்ளே சில்லென்று இருந்தது, சப்பவும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பாவம், மை ஃபில்லரில் பால் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "அக்கா, பால் அப்புறம், முதலில் சூடு" என்றேன். உடம்புச் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் குடல் வேலை செய்யாது. ஊற்றுகிற பால் செரிக்காது, நுரையீரலுக்குள்ளும் போய்விடலாம். குட்டியை முந்தானையில் சுற்றி வயிற்றோடு அணைத்து உட்கார்ந்தேன். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அருகில் வைத்தாலும் சரி, ஆனால் அவசரமாகச் சூடேற்றக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டி என் விரலிடுக்கில் காம்பைத் தேட ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் தாயிடம் விட்டேன்.

தினமும் ஒரே நேரத்தில் சமையல் தராசில் எடை பாருங்கள். ஒரு நாள் ஏறாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் கண்ணும் காதும் வேலை செய்யும், பயமும் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். ஐந்து வாரக் குட்டி ஒன்றை ஒரு சின்னப் பையன் தூக்கி மடியில் வைத்திருந்தான். "எவ்வளவு சமத்து பாருங்க ஆன்ட்டி" என்றான். குனிந்து பார்த்தேன். நாலு காலும் விறைத்திருந்தன. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் இவன் பக்கம் வைத்திருந்ததால் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது. நொடிக்கொருதரம் நாக்கு வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது. "கீழே விடுடா கண்ணா" என்றேன். தரையில் விட்டதும் தண்ணீரில் நனைந்ததுபோல உடம்பை உதறியது. அவனைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து, கையைத் தரையில் வைக்கச் சொன்னேன். சற்று நேரத்தில் குட்டியே வந்து விரலை மோந்தது. இடுப்போடு சேர்ந்து வால் தளர்வாக ஆடியது.

கொட்டாவியும் அப்படித்தான். தூங்கி எழுந்ததும் விட்டால் தூக்கக் கொட்டாவி. கை மாற்றி மாற்றித் தூக்கும்போது கொட்டாவி விட்டால், "போதும், கீழே விடு" என்கிறது. பிடித்த சோற்றைக்கூட மோந்துவிட்டுத் திரும்பினால் இன்னும் பயம் போகவில்லை.

முப்பது நாளிலேயே குட்டி கேட்டு வருவார்கள். நான் கொடுப்பதில்லை. எட்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கட்டும். நாய் விற்பனைக்கான மத்திய அரசின் 2017 விதிகளும் எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. புது வீட்டில் முதல் ராத்திரி அழும், பாத்ரூமில் அடைக்காதீர்கள். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியை வையுங்கள். நான் கொடுக்கும்போது தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டு வெட்டிக் கூடவே கொடுத்தனுப்புவேன். ஒரு வாரத்துக்கு அதைத் துவைக்க வேண்டாம்.