மேக் முகவரி: உங்கள் கணினியிலேயே பார்த்துப் படிக்கலாம்

நெட்வொர்க்கிங் படிக்கத் தொடங்கும் பலர் முதல் வேலையாக ஓஎஸ்ஐ மாடலின் (நெட்வொர்க் வேலையைப் பிரித்துக் காட்டும் வரைபடம்) ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு விண்டோஸ் கணினியும் வைஃபை ரூட்டரும் இருந்தால் முதல் பாடமான மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணை, கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ (ipconfig /all) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். நீளமாக என்னென்னவோ வரும், பயப்பட வேண்டாம். வைஃபை பகுதியில் ‘பிசிக்கல் அட்ரஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி இருக்கும். அதுதான் மேக் முகவரி, மொத்தம் 48 பிட். பொதுவாக முதல் மூன்று ஜோடி, தயாரித்த நிறுவனத்துக்கு ஐஇஇஇ என்ற தர நிர்ணய அமைப்பு ஒதுக்கிய எண். மீதி மூன்றை அந்த நிறுவனமே கருவிக்குக் கருவி மாற்றிப் போடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதல் ஜோடியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) இவற்றில் ஒன்றாக இருந்தால், அது ஆலையில் பதித்த முகவரி அல்ல, மென்பொருள் வைத்தது. இப்போதைய போன்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு வைஃபைக்கும் தனி முகவரி காட்டும் வசதி வந்துவிட்டது. ரூட்டரில் மேக் ஃபில்டர் (குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் சேர்க்கும் அமைப்பு) போட்டு ‘என் போன் மட்டும் சேரவில்லையே’ என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்து, அதே திரையில் ‘டிஃபால்ட் கேட்வே’ வரியைப் பாருங்கள். அது ரூட்டரின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் பாக்கெட் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லும் எண்), 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு ‘பிங்’ கொடுங்கள், அதாவது ping என்று அடித்து அந்த ஐபியைச் சேர்த்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ‘ஏஆர்பி -ஏ’ (arp -a) அடியுங்கள். அந்த ஐபிக்கு நேராக ஒரு மேக் முகவரி நிற்கும். உங்கள் கணினிக்கு அது எப்படிக் கிடைத்தது? ‘192.168.1.1 யார்? உங்கள் மேக் என்ன?’ என்று நெட்வொர்க்கில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வி போகிறது. ரூட்டர் மட்டும் பதில் சொல்கிறது. அந்தப் பதிலைக் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. 1982இல் வகுத்த ஏஆர்பி நெறிமுறையின் வேலை இவ்வளவுதான்.

சரி, இப்போது 8.8.8.8க்கு ‘பிங்’ கொடுங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை) முகவரி. பதில் வந்ததும் மறுபடி ‘ஏஆர்பி -ஏ’ பாருங்கள். பட்டியலில் 8.8.8.8 இருக்காது! வெளியே போகும் பாக்கெட்டில் (தரவுத் துண்டில்) சேருமிட ஐபி கூகுளுடையது, ஆனால் மேக் உங்கள் ரூட்டருடையது. ரூட்டர் அந்த மேக்கைக் கழற்றிவிட்டு, அடுத்த கட்டத்துக்கு வேண்டியதைப் போட்டு அனுப்பும். உங்கள் கணினியின் மேக் முகவரி ரூட்டரைத் தாண்டிப் போவதே இல்லை.