காணொளி விளையாட்டுத் துறையின் நீண்ட வேலை நேரம்: விவாத மேடைக்குத் தயாராவது எப்படி

காணொளி விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனங்களில், வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது இரவுகளும் வார இறுதிகளும் மாதக்கணக்கில் வேலைக்கே போய்விடுவதைத் துறையினர் ‘கிரன்ச்’ என்கிறார்கள். இதை விவாதிக்க வரும் நம் மாணவர் அணிகள் பலவும் ‘கடின உழைப்பு நல்லதா, கெட்டதா’ என்ற கேள்வியில் சிக்கிக்கொள்கின்றன. அந்தக் கேள்விக்கு மேடையில் முடிவே கிடைக்காது, ஏனெனில் உழைப்பை யாரும் பழிக்கப் போவதில்லை. ஆகவே, கால அட்டவணையை வகுப்பவர் யார், அது பொய்த்துப்போனால் இழப்பைச் சுமப்பவர் யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். எந்தப் பக்கம் பேசினாலும் உங்கள் சான்றுகள் அனைத்தும் இந்தக் கேள்வியையே சுற்றி நிற்கட்டும்.

கிரன்ச்சை எதிர்த்துப் பேசும் அணி, சான்றுகளில் முதலில் படிக்க வேண்டியது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈஏ) என்ற விளையாட்டு நிறுவனத்தின் கதை. 2004 நவம்பரில், அந்நிறுவன ஊழியர் ஒருவரின் துணைவி, தம் வீட்டுக்கு அந்த வேலை நேரம் செய்ததை ‘ஈஏ ஸ்பவுஸ்’ என்ற புனைபெயரில் இணையத்தில் எழுதினார். எழுதியவர் எரின் ஹாஃப்மன் என்பது பின்னர் வெளிவந்தது. மிகைநேர ஊதியம் கோரி ஊழியர்கள் தொடுத்த வழக்குகளில், அந்நிறுவனம் 2005இல் ஓவியக் கலைஞர்களுக்கு 15.6 மில்லியன் அமெரிக்க டாலரும், 2006இல் நிரலாளர்களுக்கு 14.9 மில்லியன் டாலரும் தர இசைந்தது. அந்த மடல் உள்ளத்தைத் தொடும் என்றாலும் உங்கள் வாதத்தைத் தாங்குவது இந்தத் தொகைகள்தான். ஆனால் இவை சமரசத் தொகைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் அல்ல என்பதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது சான்று போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட். ஊழியர்களைக் கிரன்ச்சுக்குக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று 2019இல் வெளிப்படையாகச் சொன்ன அந்நிறுவனம், 2020 செப்டம்பரில் சைபர்பங்க் 2077 விளையாட்டை முடிப்பதற்காக வாரத்தில் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. டிசம்பரில் வெளிவந்த விளையாட்டில் பிழைகள் மலிந்திருந்ததால், சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே சில மாதங்கள் நீக்கி வைத்தது. போலந்துச் சட்டப்படி மிகைநேர ஊதியம் வழங்கப்பட்டதே என்று எதிரணி சொல்லும்; அது உண்மைதான். அப்போது உங்கள் பதில் பணத்தைப் பற்றியதாக இல்லாமல், வாக்குறுதி காற்றில் போனதையும் நீண்ட நேரம் தரத்தைக் காப்பாற்றவில்லை என்பதையும் பற்றியதாக இருக்கட்டும். அதேபோல், ராக்ஸ்டார் விளையாட்டு நிறுவனத்தின் இணை நிறுவனர் டேன் ஹவுசர் 2018இல் சொன்ன ‘வாரம் 100 மணி நேரம்’ என்ற பேச்சைக் காட்டினால், அது மூத்த எழுத்துக் குழுவின் மூன்று வாரங்களை மட்டுமே குறித்தது என்று அவர் பின்னர் தந்த விளக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி மேற்கோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அணி, மறுப்புரைச் சுற்றில் தலைகுனிய நேரிடும்.

உடல்நலத்துக்கு ஒரே சான்று போதும். வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் கூட்டாக அறிவித்தன.

சிங்கப்பூர் மேடையில் பேசுவோர் இனி வரும் பகுதியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். “இங்கே வேலை நியமனச் சட்டம் இருக்கிறதே” என்று எதிரணி நிச்சயம் சொல்லும். வாரத்துக்கு 44 மணி நேரம், மாதத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேர மிகைநேர வேலை, அதற்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்ற விதிகள் சட்டத்தின் நான்காம் பாகத்தில் இருப்பது மெய்தான். ஆனால் அந்தப் பாகம் உடலுழைப்புத் தொழிலாளர்களில் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கும், ஏனைய ஊழியர்களில் 2,600 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கும் மட்டுமே பொருந்தும். மேலாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பொருந்தாது. 2019 ஏப்ரலில் சட்டம் விரிவாக்கப்பட்டபோது விடுப்பு, முறையற்ற பணிநீக்கம் போன்றவற்றுக்கான பாதுகாப்பு ஏறக்குறைய எல்லா ஊழியருக்கும் கிடைத்தது, ஆனால் வேலை நேர வரம்பு கிடைக்கவில்லை. வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் சென்னையிலிருந்து வந்து இங்கே நிரல் எழுதும் இளைஞரை நினைத்துப் பாருங்கள். 2025 முதல் புதிதாக அந்த அனுமதி பெறுவதற்கே குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும் என்பதால், அவர் அந்த வரம்புக்குள் வரவே வழியில்லை. வேலை போனால் அனுமதியும் ரத்தாகும் என்னும் நிலையில், “விருப்பப்பட்டுத்தானே இருந்தார்” என்ற வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று நடுவர்களிடம் கேளுங்கள். இது நம் அண்டை வீட்டுக்காரரின் நிலை என்பதால், இதை அடித்தொண்டையில் முழங்காமல் நிதானமாகச் சொல்லுங்கள்.

எதிரணியின் வலுவான வாதம், சிறு நிறுவனங்களுக்குக் கைவசப் பணம் தீர்ந்துவிடும், தேதி தள்ளினால் கடையையே மூட நேரும் என்பது. இதை அலட்சியப்படுத்தாதீர்கள். அனிமல் கிராஸிங் விளையாட்டை நின்டெண்டோ 2019இலிருந்து 2020 மார்ச்சுக்குத் தள்ளியபோது, அதன் அமெரிக்கப் பிரிவின் அப்போதைய தலைவர் டக் பவுசர் ஊழியர்களின் வேலை வாழ்க்கைச் சமநிலையைக் காரணமாகச் சொன்னதையும், அந்த விளையாட்டு பின்னர் கோடிக்கணக்கில் விற்றதையும் காட்டலாம். ஆனால் பத்துப் பேர் நடத்தும் நிறுவனத்துக்கு நின்டெண்டோவின் கையிருப்பு கிடையாது. எனவே சிறியவர்களுக்கு வேறு பதில் வேண்டும்: தேதியை நகர்த்த முடியாவிட்டால் விளையாட்டின் அளவைக் குறைக்கலாம். பத்து நிலைகள் திட்டமிட்ட இடத்தில் ஏழோடு வெளியிடுவது நிறுவனம் எடுக்கக்கூடிய முடிவு. ஊழியரின் தூக்கத்தைக் குறைப்பதற்கு முன் அந்த முடிவு பரிசீலிக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

கடைசியாக, நடைமுறைக்கு ஏற்ற தீர்வு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். சம்பள வரம்பைத் தாண்டியவர்களுக்கும் வேலை நேரத்தைப் பதிவு செய்வது, மிகைநேரத்துக்கு ஈடான விடுப்பை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதுவது ஆகிய இரண்டும் போதும். “இதை யார் கண்காணிப்பது” என்று நடுவர் கேட்டால், ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட மிகைநேர ஊதியம் தரப்படாதபோது ஊழியர் அதைச் சம்பளக் கோரிக்கையாக அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்த முத்தரப்புச் சமரச அமைப்பிடம் (TADM) கொண்டுசெல்ல முடிகிறது என்றும், ஈட்டு விடுப்பையும் நேரப் பதிவேட்டையும் அதே வழியில் சேர்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.